மலை ஏறினால் சூடாகும் ஜிப்ஸி: எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் தீருமா?

வாசகர் கேள்வி: என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும்) எஞ்சின். ஏசி கிடையாது. ஊர் சேலம், மாதம் இரண்டு மூன்று தடவை ஏற்காடு போய் வருவேன். ஊருக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஐந்து பேரோடு மலை ஏறினால் மட்டும் பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் முள் மேலே போகத் தொடங்குகிறது. ஓரம் கட்டி ஆறவைத்துத்தான் மிச்ச வளைவுகளை ஏறுகிறேன். எஞ்சின் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் ஹீட்டும் போகும், பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். மழைக்காலத்தில் ஓடை கடந்து போகும் பழக்கமும் உண்டு. மாற்றலாமா? எந்த ஃபேன் வாங்குவது, வொயரிங் எப்படி? ஆல்டர்னேட்டரில் 12 வோல்ட், 50 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, தாங்குமா?

பதில்: மாற்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் நோய்க்கு அது மருந்து இல்லை. வண்டி இப்போது இருக்கிற நிலையிலேயே மாற்றினால், ஏற்காடு பாதையில் நீங்கள் நிற்கும் வளைவு பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கி வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஊர் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் ஐடிலில் ஓடுகிறது. அப்போது அது கக்கும் சூடு கொஞ்சம்தான். பலவீனமான ஃபேன்கூடச் சமாளித்துவிடும். நெடுஞ்சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றே போதும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மலைப் பாதை இரண்டிலும் சேராது. இரண்டாவது கியரில், மெதுவான வேகத்தில், ஐந்து பேரை இழுத்துக்கொண்டு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் கத்துகிறது. சூடு உச்சத்தில் இருக்கிறது, எதிர்காற்று இல்லை. முழுப் பாரமும் ஃபேன் தலையில்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் பலம் காட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். எஞ்சின் வேகம் கூடக்கூட அதன் காற்றும் கூடும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு எஞ்சின் 800 சுற்றில் ஓடினாலும் 3000 சுற்றில் ஓடினாலும் ஒரே வேகம்தான். ஐடிலில் எலெக்ட்ரிக் ஃபேன் ஜெயிக்கும். மெதுவாக மலை ஏறும்போது, நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஃபேன் ஜெயிக்கும். உங்கள் வண்டியோ ஐடிலில் தேறி, ஃபேன் தன் முழு பலத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் தோற்கிறது. அப்படியென்றால் ஒன்று, ஃபேன் முழு வேகத்தில் சுற்றவில்லை. அல்லது ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை.

முதலில் விஸ்கஸ் கிளட்சைப் பாருங்கள்

ஜிப்ஸியின் ஃபேன் நேராக வாட்டர் பம்ப் புல்லியில் மாட்டியிருக்கவில்லை. நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கிறது. உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய். முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி, சுருள் சுருளாக ஒரு பைமெட்டல் பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் விரிந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பாயும், ஃபேன் புல்லியோடு இறுகிச் சுற்றும். காற்று ஆறினால் எண்ணெய் பின்வாங்கும், ஃபேன் நழுவும். இருபது வருடத்தில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு சூடு வந்தாலும் ஃபேன் சோம்பலாகத்தான் சுற்றும்.

சோதிக்க, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவி வெளியே இருக்கும்போது, ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல கிளட்ச் தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவதுபோல் இழுத்துப் பிடிக்கும்; அரைச் சுற்று, ஒரு சுற்றில் நின்றுவிடும். சைக்கிள் சக்கரம் மாதிரி மூன்று நான்கு சுற்று போனால் கிளட்ச் செத்துவிட்டது. பைமெட்டல் சுருளைச் சுற்றிப் புழுதி ஒட்டிய எண்ணெய்க் கறை இருந்தாலும் அதே தீர்ப்பு. பிளேடு நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிளட்ச் பேரிங் போயிருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் பேரிங். பின்னது என்றால் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்த தடமும் இருக்கும்.

மலையில் முள் ஏறும்போது காதாலும் கண்டுபிடிக்கலாம். வேலை செய்யும் கிளட்ச் இறுகியதும் லாரி வருவதுபோல் ஓர் இரைச்சல் எழும். உங்கள் வண்டியில் அந்தச் சத்தம் கேட்டே நாளாயிற்று என்றால் விடை கிடைத்துவிட்டது. புது கிளட்ச் போட்டாலே தீர்ந்துவிடும் நோய்க்கு முழு வொயரிங்கையும் கலைக்க வேண்டியதில்லை.

அடுத்து ரேடியேட்டர்

வெளிப்புறம் எளிது. பூச்சி, புல்விதை, ஓடையில் வந்த சேறு எல்லாம் தகடுகளுக்கு நடுவில் அப்பியிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் முழு அழுத்தத்தில் அடித்தால் தகடு மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும். வீட்டு ஹோஸ் போதும்.

உட்புற அடைப்புதான் கள்ளன். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் டியூபுக்குள் உப்புப் படிந்திருக்கும், டீக்கடை பாய்லர் உள்ளே இருப்பதுபோல. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோர் (டியூபும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி) முழுவதையும் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் கடையில் டாங்கைப் பிரித்து டியூபுகளுக்குள் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம். பாதிக்கு மேல் அடைத்திருந்தால் கோரை மாற்றுவதே நல்லது.

ரேடியேட்டர் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வு) பலரும் பார்ப்பதே இல்லை. மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்பதுபோல் ஓர் எண் இருக்கும், அது அழுத்தம். 0.9 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தம் பிடிக்காமல் 100 டிகிரியிலேயே கொதிக்க விடும். ஏற்காட்டின் உயரத்தில் கொதிநிலை இன்னும் நாலைந்து டிகிரி கீழே. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், கூடவே தெர்மாமீட்டர். அடிப்பாகத்தில் என்ன டிகிரி பொறித்திருக்கிறதோ, 82 என்றால் 82-ஐ ஒட்டி, திறக்கத் தொடங்க வேண்டும். இன்னும் பன்னிரண்டு பதிமூன்று டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். "தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் கூலா ஓடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எம்பிஎஃப்ஐ எஞ்சினுக்குத் தான் சூடாகிவிட்டோமா என்று தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, இத்தனை தடவை சூடாகி நின்ற வண்டி என்பதால், ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து லேசாக ரேஸ் கொடுங்கள். தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன்பே தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தால், எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிகிறது. அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். அதற்கு எந்த ஃபேனாலும் வைத்தியம் இல்லை.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

இவையெல்லாம் சரியாகி, வண்டி ஐந்து பேரோடு மேலே வரை முள் அசையாமல் ஏறிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் எலெக்ட்ரிக் ஃபேனுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் பெரியது ஓடை. சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஃபேன் ஆழமான தண்ணீரில் இறங்கினால் கப்பல் புரொப்பல்லர்போல் தண்ணீரைப் பின்னால் தள்ளி, பிளேடு முன்னால் வளைந்து ரேடியேட்டரைச் சீவிவிடும். எலெக்ட்ரிக் ஃபேனை ஸ்விட்சில் நிறுத்திவிட்டு இறங்கலாம். வாட்டர் பம்ப் பேரிங்கின் மேலிருந்து பாரம் குறையும். குளிர் காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். சத்தம் குறையும்.

மைலேஜும் பிக்கப்பும்? மெக்கானிக் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஃபேன் இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் முப்படியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. கிளட்ச் இல்லாமல் நேராக மாட்டிய பழைய ஃபேன்களில் இது நிஜமான நஷ்டம். விஸ்கஸ் கிளட்ச் உள்ள வண்டியில், தேவையில்லாதபோது ஃபேன் ஏற்கெனவே நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேனும் சும்மா ஓடவில்லை; ஆல்டர்னேட்டர் வழியாக அதே பெட்ரோலைத்தான் குடிக்கிறது. பங்க் ரசீதில் பெரிய வித்தியாசம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த ஃபேன்

கடைக்குப் போகும் முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, ரேடியேட்டர் கோரின் நீளமும் உயரமும். டாங்கைச் சேர்க்காமல், தகடு இருக்கும் இடம் மட்டும். மற்றது, ஃபேனையும் கிளட்சையும் கழற்றிய பிறகு கோருக்கும் புல்லியின் மூக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் எஞ்சின் மவுண்டில் முன்னும் பின்னும் அசையும். மோட்டாரின் முதுகுக்கும் புல்லிக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். தடிமன் குறைந்த ஃபேன் 60, 65 மி.மீ. ஆழத்தில் அடங்கும், கார்களில் வரும் சாதாரண மோட்டார் அதைவிட நீளம்.

ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று காற்றை இழுக்கும் ஃபேன்தான் வேண்டும். முன்னால் நின்று தள்ளும் ஃபேன் ஓடாத நேரத்தில் எதிர்காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். இழுக்கும் ஃபேனின் வொயரை மாற்றிக் கொடுத்தால் தள்ளும் ஃபேனாகிவிடும் என்று சொல்லும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். சுற்றும் திசை மாறும், உண்மைதான். ஆனால் பிளேடின் வளைவு ஒரு திசைக்கென்று வெட்டியது. தலைகீழாகச் சுற்றினால் சத்தம் கூடும், காற்று குறையும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர் 40 × 36 செ.மீ. என்று வைத்தால் பரப்பு 1440 சதுர செ.மீ. 12 அங்குல ஃபேனின் வட்டம் சுமார் 730, பாதிதான். 14 அங்குலம் என்றால் சுமார் 990. ஷ்ரவுட் (கோர் முழுவதன் காற்றையும் ஃபேனுக்குத் திருப்பும் கூடு) இல்லாமல் ஃபேனை மட்டும் கோர் மேல் ஒட்டிவைத்தால் அந்த வட்டத்துக்கு நேரான டியூபுகள் மட்டும் ஆறும், நான்கு மூலையும் வீண். இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு "எலெக்ட்ரிக் ஃபேன் சரிப்படாது" என்று திட்டுகிறவர்களின் வண்டியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஷ்ரவுட் இல்லாத ஃபேன்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, இடம் இருந்தால் 14 அங்குல ஃபேன் ஒன்று, கோர் முழுவதையும் மூடும் ஷ்ரவுடோடு. இரண்டு சின்ன ஃபேன் போட்டால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்பது அகலமான ரேடியேட்டருக்குச் சரி. ஜிப்ஸியின் கோரில் இரண்டு ஃபேன் என்றால் எட்டங்குலச் சிறுசுகள்தான் அடங்கும். இரண்டும் சேர்ந்தும் ஒரு பெரிய ஃபேனுக்கு ஈடாகாது. சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தையில் தேடினால், முன்சக்கர டிரைவ் கார்களின் ஃபேன் ஷ்ரவுடோடு சேர்ந்தே கிடைக்கும். 1.2 லிட்டருக்குக் குறையாத எஞ்சினிலிருந்து எடுத்ததாகப் பாருங்கள். மாருதி 800-இன் ஃபேன் மலிவு, எங்கும் கிடைக்கும். அது 796 சிசி எஞ்சினுக்கு அளந்து செய்தது, உங்கள் 1298 சிசிக்குப் போதாது.

பழைய மோட்டார் வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். தண்டில் பக்கவாட்டு ஆட்டம், கரகர சத்தம், கருகல் வாடை, மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொண்டுபோனால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் குறித்துக்கொள்ளலாம். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்தான் ஆதாரம். இந்த அளவு ஃபேன் 12 முதல் 18 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் முதல் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

கழற்றுவதும் மாட்டுவதும்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலண்டை ஒரு தொட்டியில் பிடியுங்கள், தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும். எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம்.

கிளட்சைப் புல்லியோடு பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு கை வைத்தால் ஸ்பேனரோடு புல்லியும் சேர்ந்து சுற்றும். ஷ்ரவுடின் போல்ட்டுகளை எடுத்து அதை எஞ்சின் பக்கமாகச் சாய்த்து, ஃபேன், கிளட்ச், ஷ்ரவுட் மூன்றையும் ஒன்றாகத் தூக்கிவிடலாம். கோரில் பிளேடு உரசாமல் இருக்க நடுவில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி. கிளட்சைப் பிடித்த அதே நட்டுகள்தான் புல்லியையும் பிடித்திருக்கின்றன. கிளட்சின் தடிமன் போய்விட்டதால், நட்டைத் திருப்பி மாட்டினால் மரை தீர்ந்து முட்டி நிற்கும். கைக்கு இறுகியதுபோல் இருக்கும், புல்லியோ உள்ளே தளர்வாக ஆடும். சில நூறு கிலோமீட்டரில் துளை முட்டையாகி, புல்லியும் பெல்ட்டும் போய், வாட்டர் பம்ப் நின்று, ஆல்டர்னேட்டரும் நின்றுவிடும். எடுத்த கிளட்ச் ஃபிளாஞ்சின் தடிமனை வெர்னியரில் அளந்து, அதே தடிமனுக்கு வாஷரோ லேத்தில் கடைந்த வளையமோ கொடுத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எள்ளளவும் அசையக் கூடாது.

வாங்கிய ஷ்ரவுட் பொருந்தாவிட்டால் டிங்கரிங் கடையில் 1.2 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம். கோருக்கும் தகட்டுக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. ஆழம் வேண்டும், ஒட்டிக்கொண்டிருந்தால் மூலைகளிலிருந்து காற்று ஃபேனுக்கு வந்து சேர வழி இருக்காது. ஓரம் சுற்றிலும் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பீடிங் கொடுத்து அடையுங்கள். மூலைகளில் ஓரிரு துளை வெட்டி, மேல்விளிம்பை மட்டும் திருகிய ரப்பர்த் துண்டைத் தொங்கவிட்டால், நெடுஞ்சாலையில் எதிர்காற்று அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஃபேன் ஓடும்போது துண்டு ஒட்டிக்கொள்ளும். முழுப் பாரமும் ரேடியேட்டரின் பக்கவாட்டுச் சட்டத்தில்தான் உட்கார வேண்டும். கோரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டையைச் செருகி ஃபேனைக் கட்டும் வழக்கம் மலைப்பாதை வண்டிக்கு ஆகாது. குலுக்கலில் அந்த டை டியூபைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும்.

வொயரிங்: வேலையின் பெரும்பங்கு இங்கேதான்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி வொயர். ஏற்கெனவே உள்ள ஹெட்லைட், ஹாரன் லைனில் எதிலும் ஒட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 40 ஆம்பியர் ரிலேயின் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்; கால்களில் எண் இருக்கும்) 30-ஆம் காலுக்கு. 87-ஆம் காலிலிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ் அதே தடிமனில் நேராக பேட்டரி நெகட்டிவுக்கோ எஞ்சின் பிளாக்குக்கோ போக வேண்டும். பெயின்ட் அடித்த பாடியில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி எர்த் கொடுப்பது ஆறு மாத வேலை. 86-ஆம் காலுக்கு, சாவி போட்டால் வரும் லைன் ஒன்று, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. 85-ஆம் கால், தண்ணீர் சூடானால் தானாகப் போடும் தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அதைச் சும்மா விட்டுவிடுங்கள். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

வொயர் 4 சதுர மி.மீ. தாமிரம். போகவர 4 மீட்டர் ஓட்டத்தில் 18 ஆம்பியருக்கு அது தின்பது 0.3 வோல்ட் சொச்சம்தான். அதே இடத்தில் 1.5 சதுர மி.மீ. போட்டால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். முப்படிக் கணக்கு இங்கேயும் பழிவாங்கும்: வோல்ட் கொஞ்சம் குறைந்து மோட்டார் வேகம் கொஞ்சம் குறைந்தாலே காற்றைத் தள்ளும் சக்தி அதைவிட வேகமாக விழும். வொயரும் சூடாகும், அந்த 30 ஆம்பியர் ஃபியூஸ் அவ்வளவு மெல்லிய வொயரைக் காப்பாற்றாது.

தெர்மோ ஸ்விட்ச் எங்கே என்பதைப் பொறுத்து எண் மாறும். எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸில் வைத்தால், 95-இல் போட்டு 90-இல் அணைக்கும் ஸ்விட்ச் சரி. ரேடியேட்டரிலிருந்து ஆறிய தண்ணீர் திரும்பும் கீழ்ப்பக்கம் வைத்தால் 88-ஐ ஒட்டி வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டோடு, மேல் ஹோஸில் 80 டிகிரி ஸ்விட்ச் போட்டால் எஞ்சின் ஓடும் வரை ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும். அணைவதற்கு அங்கே வழியே இல்லை.

ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினிய அடாப்டர் கிடைக்கிறது. ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். பலரும் தவறவிடுவது ஒன்று: ஒற்றை வொயர் ஸ்விட்ச் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். அடாப்டரோ இரண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவில் மிதக்கிறது. அதிலிருந்து ஒரு வொயரை எஞ்சினுக்கு இழுக்காவிட்டால் தண்ணீர் கொதித்தாலும் ஃபேன் ஓடாது. தகடுகளுக்குள் செருகும் குச்சி வகை சென்சார் வேண்டாம். அது தண்ணீரை அளப்பதில்லை, தகட்டின் சூட்டை அளக்கிறது. டெம்பரேச்சர் முள்ளுக்குப் போகும் வொயரில் ரிலேயை ஒட்டும் குறுக்குவழியும் கூடாது. அது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சென்சார். ரிலேயும் ஓடாது, முள்ளும் பொய் சொல்லும்.

ஓடைக்காக 85-ஆம் கால் வொயரில், டேஷ்போர்டில், ஓர் ஆஃப் ஸ்விட்ச் வையுங்கள். இரண்டு பக்கத் தொடர்பு உள்ள ஸ்விட்சாக வாங்கி, ஆஃப் நிலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி செய்யுங்கள். அந்த விளக்கு இல்லையென்றால், ஓடையைக் கடந்த பிறகு ஃபேனைத் திரும்பப் போட ஒருநாள் மறப்பீர்கள்.

50 ஆம்பியர் தாங்குமா

இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்த நேரத்துக்குக் கணக்குப் போடுவோம். ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர். சின்ன விளக்குகள் 3. பெட்ரோல் பம்ப், இசியு (எஞ்சின் கணினி), இக்னிஷன் எல்லாம் சேர்த்து 10 வரை. வைப்பர் 4. பாட்டு 2. ஆக 28. ஃபேன் 16 சேர்ந்தால் 44. ஆல்டர்னேட்டர் முழு 50-ஐ எஞ்சின் வேகமாக ஓடினால்தான் தரும். ஐடிலில் பாதி வந்தால் பெரிது. மீதியை பேட்டரி கொடுக்கும். ஃபேன் விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால் முக்கால் மணி, ஒரு மணி நேர நெரிசலை நல்ல பேட்டரி தாங்கிவிடும். மலையில் கவலையே இல்லை. 3000 சுற்றில் ஆல்டர்னேட்டர் தாராளமாகக் கொடுக்கும். கூடுதல் விளக்குகளோ வின்ச்சோ இருந்தால் மட்டும் 65, 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பாருங்கள். அதைப் போட்டால் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வொயரையும் தடிமனாக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. மூடி திறந்தபடி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழி நிற்கும் வரை ஐடிலில் விட்டுப் பிறகு மூடுங்கள். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு நாளிதழ்த் தாளைக் காட்டுங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஷ்ரவுட் சரியாக அடைத்திருந்தால் மூலையிலும் ஒட்டும்.

ஃபேன் ஓடும்போது, லேசாக ரேஸ் கொடுத்து, மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் ஃபேன் சாக்கெட்டிலும் அளவு எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. பத்து நிமிடம் ஓடிய பிறகு ரிலே அடியையும் சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட் ஒரு மாதத்தில் உருகும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இந்த லைனில் இருக்கக் கூடாது; லக் போட்டு நசுக்கி ஹீட் ஷ்ரிங்க் கொடுங்கள்.

ஐடிலில் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடி அணைந்து, சில நிமிடம் கழித்து மறுபடி வந்தால் ஆரோக்கியம். பிறகு முதலில் தனியாக, அடுத்து பாரத்தோடு ஏற்காடு ஏறுங்கள். மலையில் ஃபேன் நிற்காமல் ஓடுவதில் தவறில்லை. ஃபேன் ஓடியும் முள் மேலே நகர்ந்தால் முதல் கியருக்கு இறங்கி மெதுவாகப் போங்கள், அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்துங்கள். அப்படி நடந்தால், உங்கள் பாதைக்கும் பாரத்துக்கும் அந்த ஃபேன் போதவில்லை. பழைய ஏற்பாட்டுக்கே திரும்புவது நல்லது.

ஒன்று மறக்கக் கூடாது. விஸ்கஸ் கிளட்ச் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே சாகும். எலெக்ட்ரிக் ஃபேன் ஒரு நொடியில் சாகும். டேஷ்போர்டில், ஃபேனுக்கு மின்சாரம் போகும்போது எரியும் பச்சை விளக்கு ஒன்றை 87-ஆம் காலிலிருந்து, ஓர் ஆம்பியர் ஃபியூஸோடு எடுத்துவிடுங்கள். கூடவே 105 டிகிரியை ஒட்டி அலறும் பஸர் ஒன்று. உதிரி ரிலே ஒன்று, 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, முனையில் கிளிப் போட்ட ஒரு முழ வொயர் வண்டியிலேயே இருக்கட்டும். வழியில் முள் ஏறி ஃபேன் ஓடாவிட்டால், தெர்மோ ஸ்விட்சின் வொயரைக் கழற்றி அந்தத் துண்டால் எஞ்சினில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் போயிருக்கிறது. அப்படியே கட்டிவிட்டு வீடு வந்து சேரலாம். ஓடாவிட்டால் ஃபியூஸ், அப்புறம் ரிலே. எதைச் செய்தாலும் சூடான ரேடியேட்டரின் மூடியில் கை வைக்காதீர்கள்.

கழற்றிய ஃபேன், கிளட்ச், பழைய ஷ்ரவுட், நான்கு நட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டும் வரை விற்க வேண்டாம். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால், வண்டியில் இருந்த மாதிரியே செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டால் சிலிகான் எண்ணெய் கசிந்து, திரும்ப மாட்டும் நாளில் அது வெறும் இரும்பாகத்தான் இருக்கும்.